பூபாலன் படித்துக்கொண்டிருக்கும் புத்தகம்

பூபாலனால் எழுத முடிந்தது. எழுதியதைப் படிக்க முடியவில்லை.

இதை முதலில் கண்டுபிடித்தது அவன் மனைவி ரெபேக்காள். ஆஸ்பத்திரியிலிருந்து புதுப்பட்டினம் வீட்டுக்குத் திரும்பிய மூன்றாம் நாள் காலை. கடைக்குக் கிளம்பியவளிடம் வாங்க வேண்டியதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தான். கையெழுத்தில் சிறு நடுக்கம்கூட இல்லை. பிளேடு, ஆரஞ்சு, இருமல் டானிக். அவள் வாசற்படியில் நின்று, "கடைசில இன்னா எழுதிகீற, டானிக்கா டாலரா?" என்று விளையாட்டாகக் கேட்டுச் சீட்டை அவனிடமே நீட்டினாள். பூபாலன் வாங்கிப் பார்த்தான். சீட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தான். பிறகு, "இத்த யார் எழுதினது?" என்றான்.

அடுத்த முறை போனபோது சென்னை டாக்டர் விளக்கினார். மூளையின் பின்பக்கத்தில் அடைப்பு. கண் பார்க்கிறது, எழுத்தும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிதான் மூடிக்கொண்டுவிட்டது. பார்வையில் வலப்பக்கம் பாதி இல்லை. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, கைக்கும் ஒன்றும் ஆகவில்லை. "ஆறு மாசம் பாருங்க. வர்றதுன்னா பெரும்பாலும் அதுக்குள்ள வந்துடும்" என்றார். வராவிட்டால் என்ன என்று ரெபேக்காள் கேட்கவில்லை. ஜூலையில் வந்தது இது. டிசம்பர் வரைக்கும் கணக்கு.

பூபாலனுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. செங்கல்பட்டுக்கு அருகே ஒரு ஜப்பானியக் கம்பெனியில், கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் இடத்தில், மொழிபெயர்ப்பாளனாக இருந்தான். டிசம்பர் முடிய இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. வந்து ஒரு பக்கம் படித்துக் காட்டினால் போதும், சேர்ந்துகொள்ளலாம். பேச்சுக்கு மட்டும் ஆள் வைக்க அங்கே இடமில்லை. வரைபடத்தையும் அறிக்கையையும் பார்த்துக்கொண்டே பேசுகிற வேலை அது.

அந்த வேலைக்கு அவன் வந்த வழி நேரானது அல்ல. திருக்கழுக்குன்றத்தை அடுத்த ஒரு ஊரில், அடுத்தவர் வயலில் நாற்று பறித்தவரின் மகன். மாதா கோயில் பள்ளியில் படித்து, செங்கல்பட்டில் ஐ.டி.ஐ. முடித்து, மெஷின் ஓட்டுபவனாக உள்ளே போனான். அதே நாளில் சேர்ந்தவன் கோதண்டராமன், அதே ஊர். பூபாலனின் அப்பா வேலை செய்தது கோதண்டராமன் வீட்டு வயலில்தான். முதல் நாள் பயிற்சியில் ஜப்பானியர் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொன்னார்: இங்கே யாரைக் கூப்பிட்டாலும் பெயருக்குப் பின்னால் ‘சான்’ போட வேண்டும். மரியாதைக்காக. சாப்பாட்டு இடைவேளையில் கோதண்டராமன் தட்டைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "எங்க நைனா உங்கப்பாவ கூப்புட்ட கூப்புடுக்கு, இந்தாளு என்னைய இன்னா கூப்புட வைக்கிறான் பாரு. பூபாலன் சானாம்." எல்லோரும் சிரித்தார்கள். பூபாலனும் சிரித்தான். அதில் எவ்வளவு வேடிக்கை, எவ்வளவு வேறு என்பது இருவருக்கும் தெரியும். பிற்காலத்தில் கோதண்டராமன் அவனை மச்சான் என்றே அழைத்தான். ஆனால் பூபாலன் ஜப்பானிய மொழியைப் படிக்க ஆரம்பித்தது அந்த ஒரு சொல்லுக்காகத்தான் என்று ரெபேக்காள் நினைக்கிறாள்.

மெஷின்மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கைப் பலகைகள்தான் அவன் பாடப்புத்தகம். ‘ஆபத்து’, ‘கை’, ‘நிறுத்து’. கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரம் போக, ஒரு மணி நேரம் வர. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொடைமேல் எழுதிப் பார்ப்பான். எந்தக் கோடு முதலில், எந்தக் கோடு அடுத்தது என்று வரிசை தவறாமல். "இன்னா அண்ணாத்த, கோலம் போடறியா?" என்று பின் சீட்டிலிருந்து கேட்பார்கள். பதினான்கு வருடம் போட்டான். இடையில் பரீட்சைகள் எழுதினான். மெஷினை விட்டு அலுவலக அறைக்கு மாறினான்.

புத்தகங்கள் வந்தது படூரிலிருந்து. கம்பெனியின் ஜப்பானிய இன்ஜினியர்கள் அங்கே அடுக்குமாடியில் குடும்பத்தோடு இருந்தார்கள். மூன்று, நான்கு வருடத்தில் திரும்பிப் போவார்கள். போகும்போது எடை பார்த்து மூட்டை கட்ட வேண்டும். புத்தகம் கனம். முதன்முதலில் ஓர் இன்ஜினியரின் மனைவி இரண்டு அட்டைப்பெட்டி நிறையக் கொடுத்தார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஊருக்குக் கிளம்புகிறவர்கள் அரிசிக் குக்கரை அண்டை வீட்டுக்கும் புத்தகத்தைப் பூபாலனுக்கும் கொடுத்தார்கள். அவன் பைக்கின் பின்னால் கயிறு கட்டி, கோவளம், மாமல்லபுரம் வழியாகக் கடற்கரைச் சாலையில் கொண்டுவருவான்.

சிறந்த நூலகம் என்று அதைச் சொல்ல முடியாது. பிறர் சுமக்க விரும்பாதவற்றின் தொகுப்பு. கோல்ஃப், ஊறுகாய், பிள்ளை வளர்ப்பு, தூண்டில் போடும் முறை, நிறையக் கொலைக்கதைகள். பூபாலனே அவற்றில் பாதியைச் சுமார் என்றுதான் சொல்வான். ஆனால் எல்லாவற்றையும் படித்தான். ஊறுகாய்ப் புத்தகத்தைக்கூட முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும். எதைப் படிக்கிறோம் என்பதைவிட, படிக்க முடிகிறது என்பதே ஒருவனுக்குப் போதுமானதாக இருக்கும் காலம் உண்டு. அவனுக்கு அந்தக் காலம் முடியவே இல்லை.

ஆகவே செப்டம்பரில், வீட்டுச் சுவர் ஒன்றை முழுக்க அடைத்துக்கொண்டிருந்த அந்தப் புத்தகங்கள் எதிரில் அவன் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தான். ரெபேக்காள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். மதியத்துக்குமேல் வீடு வந்தால் அவன் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பான்.

"எது எங்க கீதுன்னு தெரியலமே" என்றான் ஒருநாள். "எல்லாம் நான் வாங்கியாந்ததுதான். ஒண்ணுகூட என்னைய தெரிஞ்ச மாரி பாக்கல."

வேலூரில் நர்சிங் படிக்கும் மகள் ஜெனிஃபர்தான் புத்தகப் பட்டியல் போடும் ஒரு செயலியை அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தாள். புத்தகத்தின் பின்னட்டையிலுள்ள கோடுகளை கேமராவால் பிடித்தால், அட்டைப் படத்தோடு தலைப்பு வந்து உட்காரும். ஜப்பானியப் பெண் குரல் ஒன்று அதை வாசித்தும் காட்டும். படித்தது, படிக்காதது, படித்துக்கொண்டிருப்பது என்று குறிக்கலாம். எந்தத் தட்டு, எத்தனாவது என்றும் போடலாம். "அப்பா எழுத்துல பாக்க வேணாம், காதுல கேக்கட்டும்" என்றாள் ஜெனிஃபர்.

முதல் மூன்று நாள் வேலை வீணாயிற்று. ஜப்பானியப் புத்தகங்களின் பின்னால் கோடுகள் இரண்டு வரிசையாக இருக்கும். மேல் வரிசைதான் புத்தகத்தின் அடையாளம். கீழ் வரிசை அதன் வகையும் விலையும். ரெபேக்காள் கைக்கு எட்டிய கீழ் வரிசையைப் பிடித்தாள். தெரியாத புத்தகம் என்றது போன். படம் எடுத்துத் தானே சேர்த்தாள். அடுத்ததைப் பிடித்தால், இது ஏற்கெனவே உங்களிடம் உள்ளது என்றது. அதற்கடுத்ததும் அப்படியே. கொலைக்கதைகள் எல்லாம் ஒரே வகை, ஒரே விலை.

"இன்னாயா இது? ஒரே புக்க முப்பது வாட்டி தூக்கியாந்து வச்சிகீற?"

பூபாலன் நோய் வந்த பிறகு முதல்முறையாகச் சிரித்தான். "மேல கீற கோட்ட புடிமே. கீழ கீறது டப்பு."

அதன்பிறகு வேலை ஓடியது. அவள் பிடிப்பாள், போன் வாசிக்கும், அவன் தமிழில் சொல்வான். ‘ஏழாவது நடைமேடை’. ‘பனிக்கால விடுதி’. ‘கெண்டைக்கு ஏற்ற தூண்டில்’. கோடுகளே இல்லாத பழைய புத்தகங்களுக்கு, அட்டையைப் பார்த்தே இது இன்ன கதை என்று சொல்லிவிடுவான். படங்கள் அவனுக்குப் படங்களாகவே தெரிந்தன, எழுத்துகள்தான் எறும்புகளாகிவிட்டன. ரெபேக்காள் தன் வசதிக்காக ஒவ்வொன்றின் குறிப்பிலும் அட்டைப்படத்தைப் பார்த்துத் தமிழில் ஒரு பெயர் போட்டாள். ‘ஏழாவது நடைமேடை’ ரயில். ‘பனிக்கால விடுதி’ மீசை. மொட்டைத் தலை. குடைக்காரி. எல்லாம் சேர்ந்து அறுநூற்றுப் பன்னிரண்டு. அதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் ‘படித்துக்கொண்டிருப்பது’ என்று போடச் சொன்னான். குடைக்காரி. ஜூலையில் நாற்பது பக்கம் மீதி இருந்தது.

பகலில் அவள் பள்ளிக்குப் போனதும், பழைய போன் ஒன்றில் அதே பட்டியலை ஓடவிட்டு, அலமாரிமுன் நின்று தட்டுத் தட்டாகக் கேட்பான்.

நவம்பர் முதல் வாரத்தில் அது நடந்தது. நடுத்தட்டில் நாற்பத்திரண்டு கொலைக்கதைகள், ஒரே பதிப்பகத்தின் சின்னப் புத்தகங்கள், முதுகெல்லாம் ஒரே மங்கிய மஞ்சள். பூபாலன் முதல் முதுகில் விரலை வைத்து ஒரு தலைப்பைச் சொன்னான். ரெபேக்காள் எடுத்துப் பிடித்தாள். போன் அதையே சொன்னது. அடுத்தது. அதுவும் சரி. ஒன்பது புத்தகம் சரியாகச் சொன்னான். பத்தாவதில் நின்று, "வருதுமே" என்றான். 

தமிழ் பேப்பரைப் படிக்க இன்னும் வரவில்லை. புத்தகத்தின் உள்ளே இருப்பதும் பிடிபடவில்லை. டாக்டரிடம் போனில் கேட்டபோது, இரண்டு வகை எழுத்து தெரிந்தவர்களுக்கு ஒன்று முந்தித் திரும்புவது உண்டு என்றார். அது போதுமாக இருந்தது. ரெபேக்காள் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். பூபாலன் கோதண்டராமனுக்குப் போன் போட்டான். கோதண்டராமன் கம்பெனியில் சொன்னான். டிசம்பர் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, வரச் சொன்னார்கள்.

அதற்கு முந்தைய வாரம் மூன்று நாள் விடாமல் மழை. புதன்கிழமை மதியம் பூபாலன் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தபோது, அலமாரிக்குப் பின்னால் சுவர் ஊறி நடுத்தட்டில் ஈரம் இறங்குவதை ரெபேக்காள் பார்த்தாள். நாற்பத்திரண்டையும் எடுத்து மின்விசிறிக்கடியில் பரப்பினாள். துடைத்துக் காய்ந்ததும் திரும்ப அடுக்கினாள். எது முன், எது பின் என்று போனில் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அவன் கவலைப்படுவானே என்று அதை அவனிடம் சொல்லவும் இல்லை.

வியாழக்கிழமை காலை பள்ளிக்கு மழை விடுமுறை. "வா, நடுத்தட்டு ஒரு வாட்டி ஓட்டிடலாம்" என்றான் பூபாலன். முந்தின நாள் ஜெபக்கூட்டத்துக்காகச் சத்தம் அடைத்த போன் அப்படியே இருந்தது. குரல் வரவில்லை. அவள் திரையைப் பார்த்தாள்.

பூபாலன் முதல் முதுகில் விரல் வைத்து, ‘ஏழாவது நடைமேடை’ என்றான். திரையில் மீசை.

செயலி தப்பாகக் காட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். கீழ்க் கோட்டைப் பிடித்துவிட்டோமோ என்று மேல் கோட்டை மறுபடி பிடித்தாள். மீசை. அவன் அடுத்ததற்குப் போயிருந்தான். ‘பனிக்கால விடுதி’. திரையில் குடைக்காரி. அதற்கடுத்தது மொட்டைத் தலை வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆறாவது மட்டும் தற்செயலாகப் பொருந்தியது. அவன் விரல் ஒவ்வொரு முதுகிலும் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. கண் எழுத்தின்மேலேயே இருந்தது. முகத்தில், நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு இருக்கும் ஒரு தெளிவு.

அவன் ஏமாற்றவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவனுக்கு உள்ளே அது படிப்பதாகவே இருந்தது. நினைவு முன்னால் ஓடிப்போய்ச் சொல்லை எடுத்து வைத்தது, கண் அதைத் தான் கண்டெடுத்ததாக எண்ணிக்கொண்டது. படிப்பவனுக்கும், படிப்பதாக நம்புகிறவனுக்கும் உள்ளேயிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரிவதில்லை. நம்மில் எத்தனை பேருக்கு அது சோதிக்கப்பட்டிருக்கிறது?

"சரியா கீதா?" என்றான்.

"சரியா கீது" என்றாள் ரெபேக்காள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரெபேக்காள் வந்தபோது கோதண்டராமன் வந்து உட்கார்ந்திருந்தான். கையில் மீன் பை. பூபாலனுக்குப் பதில் தற்காலிகமாகச் சேர்த்திருந்த துர்காதேவி என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நல்ல பொண்ணுதான் மச்சான். ஜப்பான்காரன் சிரிச்சா சிரிக்குது. அவன் கோவப்பட்டா அழுவுது. மெஷின் நின்னுகினு கீது, இவங்க ரெண்டு பேரும் மூஞ்சிய தொடச்சிகினு கீறாங்க. நீ வா, பேஜாரு வுடும்."

பூபாலன் எழுந்து அலமாரிமுன் நின்றான். வரிசையாகப் பதினைந்து தலைப்புகளைச் சொன்னான். ஜப்பானிய எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாத கோதண்டராமன் கைதட்டினான். "தங்கச்சி, இங்க வாமா, உன் வூட்டுக்காரர பாரு." ரெபேக்காள் மீன் கழுவிக்கொண்டிருப்பதாக அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள். அன்று அவள் அந்த மீனைத் தேவைக்கு மேல் நெடுநேரம் கழுவினாள்.

திங்கட்கிழமை காலை பஸ் ஆறு பத்துக்கு. பூபாலன் ஐந்தரைக்கே சாம்பல் நிறச் சட்டை போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி உட்கார்ந்துவிட்டான். அட்டையில் பெயருக்குப் பின்னால் ‘சான்’ என்று ஜப்பானிய எழுத்தில் இருந்தது. ரெபேக்காள் அவனுக்கு டீயை வைத்தாள். பிறகு நடுத்தட்டில் இரண்டாவது புத்தகத்தைப் பாதி வெளியே இழுத்து, முதுகு மட்டும் தெரிய நிறுத்தினாள்.

"இத்த படி."

அவன் எழுந்து வந்து விரல் வைத்தான். ‘பனிக்கால விடுதி’ என்றான்.

அவள் புத்தகத்தை முழுக்க எடுத்து அட்டையை அவன் பக்கம் திருப்பினாள். மஞ்சள் குடை பிடித்த ஒருத்தி மழையில் நின்றாள்.

பூபாலன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெளியே பால் வண்டி போனது.

"புதங்கெழம தண்ணி எறங்கிச்சு" என்றாள். "எல்லாத்தையும் எடுத்துத் தொடச்சி மாத்தி வச்சிட்டன்."

"எப்பலேந்து தெரியும்?"

"வியாழக்கெழமலேந்து."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"கோதண்டம் முன்னாடி பதினஞ்சு சொன்னனே" என்றான். பிறகு, "நான் பொய் சொல்லலமே" என்றான்.

"எனக்குத் தெரியாதா?"

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு தரம் அடித்தது. பூபாலன் அசையவில்லை. ரெபேக்காள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் ஓடினாள்.

"இன்னைக்கி அவரு வரல" என்றாள் டிரைவரிடம்.

"நாளைக்கி வருவாரா?"

அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். டிரைவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கதவை மூடினார். அவள் உள்ளே வந்தபோது பூபாலன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்திருந்தான். அடையாள அட்டை மட்டும் கழுத்தில் இருந்தது. அதை மறந்துவிட்டான் போலிருக்கிறது.

டிசம்பர் முடிந்தது. டாக்டர் சொன்ன ஆறு மாதமும் முடிந்தது. பொங்கலுக்குப் பிறகு புத்தகங்களைக் கம்பெனிக்கே கொடுத்துவிடுவதாக அவன் சொன்னான். கேன்டீனை ஒட்டிய அறையில் அலமாரி செய்து, அதில் அவன் பெயர் எழுதி வைக்கிறோம் என்றார்கள். "பேரெல்லாம் வேணாம். நானே படிக்க முடியாது" என்றான். அதற்குப் பிறகு தன்னிடம் அவன் வேடிக்கை பேசியதே இல்லை என்று கோதண்டராமன் சொல்கிறான்.

வேனோடு வந்தவள் துர்காதேவி. போனுக்கு அனுப்பியிருந்த பட்டியலை வைத்துச் சரிபார்த்து ஏற்றினாள். ஒவ்வொரு முதுகையும் பார்த்த மாத்திரத்தில் தலைப்பைச் சொன்னாள், ஒரு யோசனையும் இல்லாமல், பாதி வேறு எங்கோ கவனமாக. பூபாலன் வாசலில் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

"சார், லிஸ்ட்டுல தமிழ்ல ஏதோ கீது. மீசை, மொட்டைத் தலைன்னு. அழிச்சிடட்டா?"

"வுட்டுடும்மா" என்றான் திரும்பாமல். "அதுங்க பேரு அதான்."

"ஒண்ணு கொறையுது சார். அறுநூத்திப் பதினொண்ணுதான் கீது."

"அது இங்க கீது."

இப்போது அந்தச் சுவர் காலி. ஈரக்கறை மட்டும் இருக்கிறது. காலையில் ரெபேக்காள் பள்ளிக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் இருவரும் உட்காருகிறார்கள். பூபாலன் குடைக்காரியைத் திறந்து, ஓர் எழுத்தின்மேல் விரலை வைத்து, கோடு கோடாகத் தடவிப் பார்க்கிறான். பிறகு அதையே தொடைமேல் எழுதுகிறான். கண்ணுக்குத் தெரியாதது சில நேரம் கைக்குத் தெரிகிறது. பஸ்ஸில் பதினான்கு வருடம் போட்ட கோலம். ஒரு முறை ரெபேக்காள் உதவி செய்வதாக நினைத்து, எழுத்தைப் பார்த்து அவன் உள்ளங்கையில் தானே வரைந்தாள். கோடுகளின் வரிசை தெரியாமல் கீழிருந்து தொடங்கினாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையை இழுத்துக்கொண்டான்.

ஒரு சொல் பிடிபட்டால் தமிழில் சொல்வான். அவள் போனில் அந்தப் புத்தகத்தின் குறிப்பில் எழுதிக்கொள்வாள். வரியின் முடிவுக்கு வரும்போது வரியின் தொடக்கம் அவனிடம் இருக்காது. எட்டு நாளில் ஒரு வாக்கியம் சேர்ந்தது. அவள் படித்துக் காட்டினாள்: சத்திரத்துக்காரர் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தார்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான். நல்ல புக்கு இல்ல இது. முன்னாடியே தெரியும்."

"அப்ப ஏன்யா இத்த மட்டும் வச்சிகினு கீற?"

"யாரு கொன்னதுன்னு தெரியாது."

முப்பத்தொன்பது பக்கமும் கொஞ்சமும் மீதி இருக்கிறது. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பதினாறு வரி. அந்தக் கணக்கை இருவரும் போட்டுப் பார்க்கவில்லை. சில காலை ஒரு சொல்லும் வருவதில்லை. விரல் தொடையில் அசைந்துகொண்டே இருக்கும், அவன் கண் சுவரில் இருக்கும்.

போன மாதம் துர்காதேவி ரெபேக்காளிடம் போனில் பேசினாள். கம்பெனி விஷயம் சொல்லிவிட்டு, தயங்கி, அந்த ஒரு புத்தகத்தை வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வந்து தானே முழுக்கப் படித்துச் சொல்லட்டுமா என்று கேட்டாள். ஒரு மணி நேர வேலை.

ரெபேக்காள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"வேணாம்மா" என்றாள். "அவரு படிச்சிகினு கீறாரு."